விளையாட்டுத் துறையில் தன்பாலீர்ப்பு வெறுப்பு: நலிந்த சமூகத்தார் செலுத்தும் இரட்டை விலை

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள சித்தூர், திருப்பதி வட்டாரம் மொழியாலும் தொழிலாலும் கலப்புடைய பகுதியாகும். 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமையும் வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பழைய சித்தூர் மாவட்டத்தில் குப்பம், நகரி, சத்தியவேடு ஆகிய இடங்களில் தமிழ் பேசுவோர் இன்றும் கணிசமாக வாழ்கின்றனர். நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறியை நம்பியுள்ள குடும்பங்கள் பல. இத்தகைய குடும்பமொன்றில் பிறந்த பெண் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் மாவட்ட அளவில் முதலிடம் பெறுவாளாயின், அவ்வீட்டாருக்கு அது வெறும் கோப்பையன்று. விளையாட்டு விடுதியில் இடம், மூன்று வேளை உணவு, கல்லூரியில் சேர்க்கை, பின்னர் இரயில்வேயிலோ காவல் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டின்கீழ் நிலையான வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள் தென்படுகின்றன. சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்டு, இந்திய மகளிர் ஹாக்கி அணியில் இடம்பெற்ற வீராங்கனையின் வரலாறு, இப்படிகள் கற்பனையல்ல என்பதைக் காட்டுகிறது.

ஆயினும் இந்த ஏணிக்கு எந்த விதிநூலிலும் எழுதப்படாத ஒரு நிபந்தனை உண்டு. ஏறுபவர் பிறர் எதிர்பார்க்கும் வகையில் ஆணாகவோ பெண்ணாகவோ தோன்ற வேண்டும். உரிய வயதில் உரிய குலத்தில் எதிர்பாலினத்தவரை மணந்துகொள்ளவும் வேண்டும். இதற்கு மாறானவர்பால் காட்டப்படும் அச்சமும் இகழ்ச்சியும் விலக்கலுமே தன்பாலீர்ப்பு வெறுப்பு எனப்படுவது. ஓர் ஆணுக்கு ஆணின்பாலும் பெண்ணுக்குப் பெண்ணின்பாலும் ஏற்படும் இயல்பான ஈர்ப்பைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலினத்தவராகத் தம்மை உணர்பவர் திருநர். உடற்கூறிலேயே ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர் ஊடுபால் கொண்டவர். இம்மூன்றும் வெவ்வேறானவை. எனினும் இவர்களை வெறுப்பவர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. இச்சொற்கள் பலவற்றுக்கு அதிகாரபூர்வமான வடிவம் கிடைத்ததே அண்மையில்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைக்கிணங்க 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஒரு சொற்றொகுதியை அரசிதழில் வெளியிட்டது. அதுவரை அலுவலகக் கோப்பில் இப்பொருள் பற்றி எழுத நேர்ந்தவர்க்கு வசைச்சொல் அல்லது ஆங்கிலச் சொல் என்ற இரண்டே வழிகள் இருந்தன என்பது நிருவாகத்துக்குப் பெருமை தருவதன்று.

இவ்வெறுப்பை ஒழுக்கவியல் சிக்கலாக மட்டும் காண்பது வழக்கம். பொருளாதாரக் கண்கொண்டு நோக்கினால் வேறொன்று புலனாகும். வசதி படைத்த ஒருவரைக் குடும்பம் ஒதுக்கினால் அவருக்கு வேறு வீடும், வேறு ஊரும், வேறு வேலையும் கிட்டக்கூடும். நலிந்த சமூகத்திலிருந்து விளையாட்டின் மூலம் மேலெழுந்தவருக்கு அவ்வாறில்லை. களத்தில் விலக்கப்பட்டால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும்; ஊரில் விலக்கப்பட்டால் களத்தைத்தான் நம்ப வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கதவடைத்தால் நிற்பதற்கு இடமில்லை. அவர் வாய் திறக்கத் தயங்குவதைக் கோழைத்தனம் எனக் கூறுவது கணக்கறியாதார் கூற்றாகும்.

ஒடிசா நெசவாளர் மகள்

இந்நிலைக்கு நம் நாட்டில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, நகரியைப் போன்றே நெசவை நம்பிய ஒரு வீட்டிலிருந்து கிடைக்கிறது. ஒடிசா மாநிலம் ஜாஜ்பூர் மாவட்டத்தின் சக்கா கோபால்பூர் கிராமத்தில் 1996-ஆம் ஆண்டு பிறந்தவர் டூட்டி சந்த். பெற்றோர் நெசவாளர்கள், பிள்ளைகள் எழுவர். மூத்த சகோதரியும் ஓட்டக்காரர். தங்கையை ஓட்டத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

டூட்டி சந்தின் வாழ்வில் சோதனை இரு முறை வந்தது. அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் இப்பொருளின் உட்கூறு விளங்கும்.

முதற்சோதனை 2014-ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவருடைய உடலில் இயற்கையாகவே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் அளவு, பன்னாட்டுத் தடகளச் சம்மேளனம் பெண்களுக்கென 2011-இல் விதித்த வரம்பை மீறியிருந்ததாகக் கூறப்பட்டு, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். மருந்து உட்கொண்டோ அறுவை செய்துகொண்டோ அளவைக் குறைத்துக்கொள்ளும் வழி அவருக்கு இருந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குத் துணை நின்றது. 2015 ஜூலையில் அந்நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டே ரியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் ஓட்டத்தில் அவர் கலந்துகொண்டார். 1980-இல் பி.டி. உஷா ஓடியதற்குப் பின் இப்போட்டியில் ஓடிய முதல் இந்தியப் பெண் அவரே. 2018-இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். ஒடிசா அரசு பதக்கத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வீதம் 3 கோடி ரூபாய் அறிவித்தது. அரசுக்குச் சொந்தமான ஒடிசா சுரங்கக் கழகத்தில் அவருக்கு வேலையும் கிடைத்தது.

இரண்டாவது சோதனை 2019 மே மாதத்தில் வந்தது. தம் ஊர்ப்புறத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுடன் தாம் அன்பு கொண்டு வாழ்வதாக அவர் நாளிதழ் ஒன்றின் வாயிலாக வெளிப்படையாகக் கூறினார். முன்னணியிலுள்ள இந்திய விளையாட்டு வீரர் ஒருவர் இவ்வாறு கூறியது அதுவே முதன்முறை. தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் செல்லாததாக்கியதே தமக்குத் துணிவளித்தது என்றும் அவர் குறிப்பிட்டார். தாம் மிரட்டப்பட்டதாகவும், தம்மிடம் பணம் கோரப்பட்டதாகவும் சகோதரியின் மீது அவர் குற்றம் சாட்டினார். சகோதரியோ, டூட்டியின் சொத்தைக் கருதி வேறு சிலர் அவரை வற்புறுத்துவதாகக் கூறினார். மரபு வழிப்பட்ட தங்கள் நெசவாளர் சமூகம் இத்தகைய உறவை ஏற்காது என்று தாயார் செய்தியாளரிடம் சொன்னார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நபர் ஒருவரே. 2014-இல் அவருடைய உடல் வழக்குப் பொருளாயிற்று. எதிரி அயல்நாட்டுச் சம்மேளனம். எனவே அரசும் அதிகாரிகளும் ஒரு பக்கம் நிற்க முடிந்தது. ‘எங்கள் பெண்ணுக்கு அநீதி’ என்று சொல்ல எவருக்கும் கூச்சமில்லை. 2019-இல் அவருடைய விருப்பம் பொருளாயிற்று. எதிரி வெளியில் இல்லை. அவமானப்படுத்தப்பட்டவள் என்ற நிலையில் ஒரு பெண்ணை அரவணைக்கும் சமூகம், தன் வாழ்வைத் தானே தேர்ந்தெடுத்தவள் என்ற நிலையில் அவளை ஏற்கத் தயங்குகிறது.

அவர் வீழ்ந்துவிடவில்லை. அறிவிப்புக்கு இரண்டே மாதங்களில், 2019 ஜூலையில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 2021-இல் 11.17 விநாடியில் ஓடித் தேசிய சாதனையைப் புதுப்பித்தார். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் தொடக்க விழாவில், தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் நாடுகளைச் சுட்டிக்காட்டும் முகமாக வானவில் கொடியேந்திச் சென்றோருள் அவரும் ஒருவர். பின்னர் 2023-இல் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து தொடர்பாக அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. அது தனிப் பொருள். இதனோடு அதனைக் கலந்து பேசுவோர் இரண்டையும் குழப்புகின்றனர்.

அவரைத் தாங்கியவை மூன்று: கையில் சேர்ந்திருந்த பரிசுப் பணம், அரசு நிறுவன வேலை, கடிகாரம். ஓட்டத்தில் விநாடிக் கணக்கே தேர்வுக்குழு. 11.32 விநாடியை எவரும் மறுக்க இயலாது. கபடி, ஹாக்கி, கிரிக்கெட் போன்ற அணி விளையாட்டுகளில் நிலைமை வேறு. ஏறத்தாழ ஒரே திறனுடைய இருபது பேரிலிருந்து பதினொருவரைத் தேர்பவர் பயிற்றுநரும் தேர்வாளருமே. ‘அணியோடு ஒத்துப்போக மாட்டார்’ என்ற ஒரு சொல் போதும், காரணம் காட்ட வேண்டியதில்லை. நியூசிலாந்து, தென்னாப்பிரிக்க மகளிர் கிரிக்கெட் அணிகளில் ஒருவரையொருவர் மணந்துகொண்ட வீராங்கனைகள் ஒரே அணியில் ஆடியுள்ளனர். அவர்களுடைய ஆட்டத்துக்கு இந்திய இரசிகர்களும் கைதட்டியுள்ளனர். இந்திய ஆடவர் கிரிக்கெட் அணியில் ஆடிய ஒருவரும் தம்மைத் தன்பாலீர்ப்புக் கொண்டவராக இதுவரை அறிவித்ததில்லை. அத்தகையோர் ஒருவர்கூட இல்லை என்பது இதன் பொருளாக இருக்க முடியாது.

புதுக்கோட்டையும் தோகாவும்

வேலையோ சேமிப்போ இல்லாத நிலையில் இத்தகைய சோதனை வந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன், செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில், தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். 2006 டிசம்பரில் தோகா ஆசியப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை எனக் கூறிச் சில நாள்களில் பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு அவருக்கு அறிவித்த 15 இலட்சம் ரூபாய்ப் பரிசை நிறுத்திவிடாமல் வழங்கியது, அது பாராட்டத்தக்கது. ஆயினும் ஓட்டக்காரராக அவர் வாழ்வு முடிந்தது. 2007-இல் தற்கொலைக்கு முயன்றார். 2012-இல் அவர் செங்கற்சூளையில் கூலிக்கு வேலை செய்வதாக வெளிவந்த செய்தி நாட்டை ஒரு கணம் உலுக்கியது. பின்னர் பயிற்றுநர் பட்டயம் பெற்று, 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராக அமர்ந்தார். பதக்கம் பறிபோனதற்கும் நிலையான வேலை கிடைத்ததற்கும் இடையே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழிந்தன.

சாந்தியின் வழக்கு தன்பாலீர்ப்புப் பற்றியதன்று, உடற்கூறு பற்றியது. எனினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. ‘பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள்’ என்ற முன்முடிவே ஓரிடத்தில் சோதனைக் குழாயாகவும் இன்னோரிடத்தில் ஊர்ப்பேச்சாகவும் வடிவெடுக்கிறது. அதே தோகாப் போட்டியில் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற மேற்கு வங்கத்துப் பிங்கி பிரமாணிக்கின் வழக்கில் இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தன. 2012-இல், உடன் வாழ்ந்த ஒரு பெண் அளித்த புகாரின்பேரில் அவர் கைதாகி, அவர் பெண்தானா என்ற ஐயத்தின்பேரில் மருத்துவச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டார். 2014-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. விதிகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளப் போட்டிகளின் மகளிர் பிரிவில் கலந்துகொள்வோருக்கு மரபணுச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. நகரியிலிருந்தோ கத்தக்குறிச்சியிலிருந்தோ புறப்படும் பெண்ணுக்கு அச்சோதனையின் பொருளை அவள் மொழியில் முன்கூட்டியே விளக்குபவர் எவர் என்பது விளையாட்டு அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

இலண்டனில் நடந்தது

களமும் சமூகமும் ஒரே நேரத்தில் கதவடைத்ததற்கு உலகறிந்த சான்று ஜஸ்டின் ஃபசானு என்ற ஆங்கிலேயக் கால்பந்து வீரரின் வாழ்வாகும். கறுப்பினத்தவரான அவரும் தம்பி ஜானும் பெற்றோரைப் பிரிந்து, நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு வெள்ளையர் குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். 1981-இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகம் ஜஸ்டினைப் பத்து இலட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. ஒரு கறுப்பின வீரருக்கு இத்தொகை அளிக்கப்பட்டது அதுவே முதன்முறை. அவர் தன்பாலீர்ப்புக் கொண்டோர் கூடும் விடுதிகளுக்குச் செல்வதை அறிந்த மேலாளர் பிரையன் கிளஃப், அணியுடன் பயிற்சி செய்யவும் அவரைத் தடுத்தார். 1990 அக்டோபரில் ஜஸ்டின் ஒரு நாளிதழ் மூலம் தம்மைப் பற்றி அறிவித்தார். அடுத்த சில நாள்களில், பிரிட்டனின் கறுப்பின மக்களுக்கென நடத்தப்பட்ட வார இதழிலேயே, உடன்பிறந்த ஜான் அவரைப் பகிரங்கமாக ஒதுக்கினார். தம் செயலுக்காக ஜான் பின்னாளில் வருந்தினார். ஜஸ்டின் 1998 மே மாதம் 37-ஆம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆங்கிலத் தொழில்முறை ஆடவர் கால்பந்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே தம்மைத் தன்பாலீர்ப்புக் கொண்டவராக அறிவித்த அடுத்த வீரர் ஜேக் டேனியல்ஸ், ஆண்டு 2022. இடையே 32 ஆண்டுகள்.

அரங்கில் குரங்கொலி எழுப்பி ஏளனம் செய்த இனவெறியர்களிடமிருந்து ஃபசானுவைக் காக்க வேண்டியது எந்தச் சமூகமோ, அந்தச் சமூகத்தின் இதழே அவருடைய விலக்கலுக்கும் மேடையாயிற்று. இதனைக் கொண்டு கறுப்பினத்தவர் கொடியர் என்றோ, சிறுபான்மையினரிடமே இவ்வெறுப்பு மிகுதி என்றோ முடிவு செய்வது தவறாகும். நம் நாட்டு வரலாறே அதனை மறுக்கிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு 1860-இல் ஆங்கில ஆட்சியாளர் இயற்றியது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதனைத் தளர்த்தியபோது, இந்து, முஸ்லிம், கிறித்துவ அமைப்புகள் தத்தம் வேற்றுமைகளை மறந்து அத்தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றன; 2013-இல் வெற்றியும் பெற்றன. வேறெந்தப் பொருளிலும் காணக் கிடைக்காத சமய ஒற்றுமை அது!

சிறுபான்மை, நலிந்த சமூகங்களின் தனித்தன்மை வெறுப்பின் அளவில் இல்லை. அவ்வெறுப்பு செயற்படும் முறையில் இருக்கிறது. பல தலைமுறைகளாக இழிவு சுமந்த சமூகத்துக்கு, மேலெழுந்து வந்தவர்கள் மிகச் சிலரே. எனவே அவ்வொருவர் தமக்காக மட்டுமன்றி அனைவரின் பெயராலும் ஓடுவதாகக் கருதப்படுகிறது. அவருடைய பெருமை பொதுச்சொத்து எனில், அவருடைய ‘பழி’யும் பொதுச்சொத்தாகிவிடுகிறது. ‘ஏற்கெனவே நம்மை இகழ்கிறார்கள், இதுவுமா?’ என்ற கேள்வி அங்கிருந்து பிறக்கிறது.

இதனோடு கைம்மாற்றும் கல்யாணமும் சேர்கின்றன. வங்கிக் கடன் எட்டாத வீட்டுக்குக் கைமாற்றுத் தருவதும், நோய்க்கும் சாவுக்கும் துணை நிற்பதும், வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் சுற்றத்தாரே. அச்சுற்றம் திருமண உறவால் கட்டப்பட்டது. அக்காளைப் பற்றி ஊர் பேசினால் தங்கைக்கு வரன் அமையாது என்ற அச்சம், சித்தூரின் எந்தத் தெருவிலும் எந்தச் சாதியிலும் எந்த மதத்திலும் கேட்கக்கூடியதே. ஏழு பிள்ளைகளுள்ள வீட்டில் அந்த அச்சம் எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். மகளைத் திட்டும் தாயும் இக்கணக்குக்குள் சிக்கியவரே. வீட்டுச் சுமையின் பெரும்பகுதி எவருடைய பதக்கத்தின் மீது ஏற்றப்பட்டுள்ளதோ அவரையே வீடு மிகக் கடுமையாகக் கண்காணிக்கிறது.

இக்கணிப்பு வறியவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் தன்பாலுறவு 1981-இல் ஒரு வழக்கின் மூலம் வெளியானபோது, 24 மணி நேரத்துக்குள் தம் விளம்பர ஒப்பந்தங்கள் அனைத்தையும் இழந்ததாக அவரே கூறியுள்ளார். அமெரிக்கக் கூடைப்பந்தில் கறுப்பின வீரர் ஜேசன் காலின்ஸ் 2013-இல் தம்மைப் பற்றி அறிவித்தபோது அவருக்கு வயது 34. ஆட்ட வாழ்வு முடிவை நெருங்கியிருந்தது. ஜெர்மனியின் கால்பந்து வீரர் தாமஸ் ஹிட்ஸல்ஸ்பெர்கர் ஓய்வு பெற்ற பிறகே, 2014-இல் வாய் திறந்தார். இழப்பதற்கு எஞ்சியது குறைந்த பின்னரே உண்மை வெளிவருகிறது. கிங் போன்றோருக்கு மீண்டும் எழச் சேமிப்பும் செல்வாக்கும் இருந்தன. கத்தக்குறிச்சியில் இருந்தது செங்கற்சூளை.

சட்டமும் அலுவலரும்

2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற ஆயம், வயதுவந்தோரிடையே இசைவுடன் நிகழும் தன்பாலுறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-ஆம் பிரிவே இடம்பெறவில்லை. ஆயினும் 2023 அக்டோபரில், தன்பாலினத்தவர் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆக, இன்றைய நிலையில் இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமன்று. ஆனால் கணவன், மனைவி என்ற பதிவோ அதனால் விளையும் பயன்களோ இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றவர் தம் துணைவரை மருத்துவ அட்டையில் மனைவியாகவோ கணவராகவோ சேர்க்க இயலாது.

இடைப்பட்ட இவ்வெளியில் அலுவலர்களின் கடமை எதுவென்று கேட்பவருக்கு, புதிய சட்டம் எதுவும் வரும்வரை காத்திராமலே கையாளத்தக்க விதிகள் சில உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழு, கேலிவதைத் தடுப்பு விதிகளை 2016-இல் திருத்தியபோது, பாலீர்ப்பைக் காரணமாகக் கொண்டு ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் கேலிவதையே என வரையறுத்தது. அதே வாக்கியத்தில் சாதி, மதம், மொழி, பொருளாதார நிலை ஆகியவையும் உள்ளன. திருப்பதியில் 1954 முதல் இயங்கும் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தையும், 1983-இல் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தையும், நாட்டின் பிற பல்கலைக்கழகங்களைப் போலவே இவ்விதி கட்டுப்படுத்துகிறது. விடுதி அறையில் ஒருத்தியோடு எவரும் தங்க மறுக்கும்போது, அதனைப் பிள்ளைகளின் பிணக்கு என்று ஒதுக்கிவிடக் காப்பாளருக்கு இடமில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ‘பணியிடம்’ என்பதற்குத் தரும் வரையறையில் விளையாட்டு நிறுவனம், விளையாட்டரங்கம், போட்டி நடைபெறும் இடம் ஆகியவற்றை வெளிப்படையாகவே சேர்த்துள்ளது. இரகசியத்தை வெளியிடுவதாக மிரட்டிப் பாலியல் இசைவைக் கோரும் பயிற்றுநரின் மீது வீராங்கனை புகார் கொடுக்க இதன்கீழ் வழியுண்டு. 2025-இல் இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையையும் குறைதீர்க்கும் அமைப்பையும் விளையாட்டுச் சங்கங்களிடம் எதிர்பார்க்கிறது. அக்கொள்கையை வகுப்போர் பாலீர்ப்பு என்ற சொல்லை அதில் எழுதுவார்களா என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

மருத்துவத் துறையிலும் தெளிவு வந்துள்ளது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் விரிவான ஆணைகள் பிறப்பித்தார். அப்பொருளை அறிந்துகொள்ளும் பொருட்டு ஓர் உளவியலாளரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்ததையும் அவர் பதிவு செய்தார். நீதித்துறையில் இது அரிது. அதன் தொடர்ச்சியாக, தன்பாலீர்ப்பை ‘மாற்ற’ முனையும் சிகிச்சை தொழில்முறைத் தவறு எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளும் அதே ஆண்டில் திருத்தப்பட்டு, இவர்களைத் துன்புறுத்தும் காவலர் மீது நடவடிக்கைக்கு வழி செய்யப்பட்டது.

நடைமுறையில் மிகுதியாக எழும் சிக்கல் காவல் நிலையத்தில்தான் தொடங்குகிறது. வயதுவந்த மகள் தோழியுடன் சென்றுவிட்டாள். பெற்றோர் ‘காணவில்லை’ எனப் புகார் கொடுக்கின்றனர். பெண் கண்டுபிடிக்கப்பட்டதும், அவள் விருப்பம் கேட்கப்படாமலே பெற்றோரிடம் ஒப்படைக்கப்படுகிறாள். 2024 டிசம்பரில் இத்தகைய வழக்கொன்றில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், தந்தையின் வீட்டில் வைக்கப்பட்டிருந்த பெண்ணை விடுவித்து, வயதுவந்த அவர் தாம் விரும்பிய தோழியுடன் வாழலாம் எனத் தீர்ப்பளித்தது. சித்தூருக்கு அடுத்த வேலூர் மாவட்டத்திலிருந்து எழுந்த வழக்கில், 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆயம் இன்னும் ஒரு படி சென்றது. வீட்டாரால் அடிக்கப்பட்டதாகவும், ‘இயல்பாக்கும்’ சடங்குகளுக்கு உட்படுத்தப்பட்டதாகவும் 25 வயதுப் பெண் நீதிமன்றத்தில் கூறினார். காவலர் அவரைப் பெற்றோருடன் செல்லக் கட்டாயப்படுத்தியதை ஆயம் கண்டித்தது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றும், தேர்ந்தெடுத்த குடும்பம் என்ற கருத்துச் சட்டத்துக்கு உடன்பாடானதே என்றும் கூறிற்று. தேவைப்படும்போது அவ்விருவருக்கும் பாதுகாப்பு அளிக்குமாறு காவல் துறைக்கு ஆணையிட்டது.

வேலூருக்கும் சித்தூருக்கும் இடையே மாநில எல்லை குறுக்கிடுவதால், ஒரு பக்கத்து உயர் நீதிமன்ற ஆணை மறுபக்கத்துக் காவல் நிலையத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் பயிற்சி முகாமுக்கும் போட்டிக்கும் வேலைக்கும் இவ்வெல்லையை அன்றாடம் கடப்போர் பலர். குடியாத்தத்துப் பெண் திருப்பதியில் விடுதியில் இருப்பாள். நகரிப் பெண் சென்னையில் பயிற்சி பெறுவாள். பெற்றோர் புகாருடன் வரும் காவலரிடம் விடுதிக் காப்பாளர் முதலில் கேட்க வேண்டியவை இரண்டே: அப்பெண்ணின் வயது என்ன, அவளைத் தனியே அமர்த்தி, வீட்டார் இல்லாத இடத்தில், அவள் விருப்பத்தைக் கேட்டு எழுதியாயிற்றா.